அடைக்கலம் தந்ததாகச் சொல்லப்படும் பழைய வீடு: எதை முதலில் காப்பது?

கேள்வியின் சுருக்கம் இது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத் தென்பகுதியில், ஓஹாயோ ஆற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் இரண்டடுக்குச் செங்கல் வீடு இருக்கிறது. 1830களில் கட்டியது என்கிறார்கள். கென்டக்கியிலிருந்து ஆற்றைக் கடந்து தப்பி வந்த அடிமைகளை ஒளித்துவைத்த வீடு என்பது ஊர்ப்பேச்சு. அதற்குச் சாட்சியாக நிலவறையில் ஒரு குறுகிய அறையைக் காட்டுகிறார்கள். சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டை ஊர்க்குழு வாங்கப்போகிறது. செங்கல் இடுக்குகளில் சாந்து உதிர்கிறது. வருகிற கோடையில் சிமென்ட் வைத்து அடைத்து, உள்பூச்சைச் சுரண்டி, நிலவறைக்குக் கான்கிரீட் தரை போட்டுத் திறந்துவிடலாமா?

இந்த மூன்றில் எதையும் செய்யாதீர்கள். மூன்றுமே வீட்டைக் கெடுக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, எந்தக் காரணத்துக்காக அந்த வீட்டைக் காப்பாற்ற நினைக்கிறீர்களோ அதற்கான சான்றை இவை அழித்துவிடும்.

1787ஆம் ஆண்டின் சட்டப்படி ஓஹாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறை கிடையாது. தெற்கே கென்டக்கியில் இருந்தது. ஆற்றைக் கடந்தால் மட்டும் விடுதலை கிடைத்துவிடாது. 1793இன் கூட்டாட்சிச் சட்டம், தப்பி வந்தவருக்கு உதவினால் 500 டாலர் தண்டம் என்றது. 1850இன் சட்டம் அதை 1,000 டாலராகவும் ஆறு மாதம் வரை சிறையாகவும் ஏற்றியது. உதவியவர்கள் எழுதிவைக்காததற்கு இதுவே காரணம். 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' (நிலத்தடி ரயில்பாதை) என்று பெயர் பெற்ற அந்த உதவி வலைப்பின்னலில் ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் வாய் திறக்கவில்லை. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்பர் சீபர்ட் 1890களில் கடிதங்களும் நேர்காணல்களுமாகத் திரட்டியபோது முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்குப் பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் வயதான வெள்ளையர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ஆகவே காகிதம் மெலிந்த இடத்தில் சுவரும் தரையும் ஆணியும் கொல்லை மண்ணும்தான் பேசவேண்டும். உள்பூச்சைச் சுரண்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது.

ஊர்ப்பேச்சை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சஸின் கால்வெஸ்டன் நகரில் உள்ள ஆஷ்டன் வில்லா நல்ல எடுத்துக்காட்டு. 1859இல் கட்டிய மாளிகை. 1865 ஜூன் 19 அன்று டெக்சஸில் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றதாக அறிவித்த பொது ஆணை எண் 3 அந்த வீட்டு மாடத்திலிருந்து வாசிக்கப்பட்டது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். அப்படி நடந்ததற்கு ஆவணம் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கும் அடிமைமுறைக்கும் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது. அது அடிமை உழைப்பின் மேல் எழுந்த நகரத்தில் எழுந்த வீடு. அந்த ஜூன் 19ஐ விடுதலை நாளாகக் கொண்டாடும் ஜூன்டீன்த் நினைவுக் கூட்டங்கள் பல ஆண்டுகளாக அங்கேயே நடந்துவருகின்றன. மாடத்துக் கதையை விட்டுவிட்டாலும் சொல்ல நிறைய இருக்கிறது. கதையை மட்டும் பிடித்துக்கொண்டால், அது பொய் என்று ஒருநாள் யாராவது காட்டும்போது வீட்டின் மதிப்பும் சேர்ந்து சரியும்.

எதிர்ப்பக்கம் ஓர் எடுத்துக்காட்டு பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் இருக்கிறது. அடிமைமுறையை ஒழித்த, அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தத்துக்காகப் போராடிய தாடியஸ் ஸ்டீவன்ஸும், அவர் இல்லத்தை நடத்தியவரும் சொத்து வாங்கி விற்ற தொழில்முனைவோருமான லிடியா ஹாமில்டன் ஸ்மித்தும் வாழ்ந்த இடம் அது. அங்கே மாநாட்டு மண்டபம் கட்டத் திட்டமிட்டபோது முன்கூட்டியே அகழாய்வு செய்தார்கள். கொல்லையில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டி வேறொரு பயனுக்காக மாற்றியமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மறைவிடமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பொக்லைனை முதலில் இறக்கியிருந்தால் அந்தத் தொட்டி வெறும் செங்கல் குவியலாகப் போயிருக்கும்.

எனவே முதல் வேலை காகிதத்தில். ஊரில் மனை வாங்குமுன் தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்ப்பதுபோல, கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பதிவகத்தில் விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை இரண்டையும் வைத்து இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பத்திரம் நிலத்தைத்தான் சொல்லும், வீடு எப்போது எழுந்தது என்று சொல்லாது. அதற்கு வரிப்பதிவேடு வேண்டும். ஓர் ஆண்டு 80 டாலர் மதிப்பில் இருந்த மனை அடுத்த ஆண்டு 600 டாலர் என்று தாவியிருந்தால், இடையில் கட்டடம் எழுந்திருக்கிறது என்று பொருள் (எண்கள் விளக்கத்துக்காகச் சொல்வது). பிறகு உயிலும், இறந்தவர் சொத்துப் பட்டியலும். அறை அறையாகப் பொருள்களை எழுதியிருந்தால் வீட்டின் பழைய அமைப்பே கிடைத்துவிடும்.

மக்கள்தொகைக் கணக்கில் 1850 முக்கியமான ஆண்டு. குடும்பத் தலைவரை மட்டும் எழுதாமல், அடிமை அல்லாத ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியது அந்த ஆண்டிலிருந்துதான். அதே ஆண்டிலும் 1860இலும் கென்டக்கியில் அடிமைப்பட்டியல் தனியாக எடுத்தார்கள். அதில் உடைமையாளர் பெயர் இருக்கும். அடிமைப்படுத்தப்பட்டவருக்கு வயது, பால், நிறம் மட்டும்தான், பெயர் இராது. அவர்களுடைய பெயர்கள் கணக்கில் முழுமையாக ஏறியது 1870இல். இந்த இடைவெளியைத் தாண்டத்தான் மற்றப் பதிவுகள் தேவை. ஆற்றின் மறுகரை மேஸ்வில் போன்ற ஊர்களின் செய்தித்தாள்களில் வந்த 'காணவில்லை' விளம்பரங்கள், தேவாலயக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டப் பதிவுகள் எல்லாம் இதில் அடங்கும். அடிமை ஒழிப்பை ஆதரித்ததற்காக உறுப்பினர் ஒருவரைத் திருச்சபை விசாரித்திருந்தால், அந்தக் குறிப்பு பொன்னுக்குச் சமம்.

எல்லாவற்றிலும் வலுவானது நீதிமன்றக் கட்டு. எதிராளியே சத்தியம் செய்து எழுதவைத்த சாட்சியம் அது. சின்சினாட்டிக்கு வடக்கே வாழ்ந்த ஜான் வான் சான்ட் 1842இல் கென்டக்கியிலிருந்து வந்த ஒன்பது பேரைத் தன் வண்டியில் ஏற்றிச் சென்று பிடிபட்டார். உடைமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1847இல் வான் சான்ட்டுக்கு எதிராக முடிந்தது. அவருக்கு அது நட்டம். அந்த இரவில் என்ன நடந்தது என்பது எழுத்தில் நின்றது நமக்கு லாபம். உங்கள் வீட்டுக்காரர் பெயரைக் கவுண்டி நீதிமன்ற அட்டவணையிலும் கூட்டாட்சி நீதிமன்ற அட்டவணையிலும் கட்டாயம் தேடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். உள்ளூர்க் குழுக்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகின்றன. வீட்டுக்காரரோடு நிற்காமல் அக்கம்பக்கத்தைத் தேடுங்கள். ஓஹாயோவின் 1804 சட்டப்படி, குடியேறும் கறுப்பினத்தவர் தம் விடுதலைச் சான்றைக் கவுண்டி எழுத்தரிடம் பதியவேண்டும். 1807இல் 500 டாலர் பிணையும் கேட்டார்கள். கொடுமையான சட்டம். ஆனால் அதனால் உருவான பதிவேடுகளில் பெயர், வயது, உடலடையாளம், எங்கிருந்து வந்தார் என்பது வரை சில கவுண்டிகளில் கிடைக்கும். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று இரவில் கதவைத் திறந்தது உண்மையாக இருக்கலாம். அந்தக் கதவு வரை கூட்டிவந்தவர் பெரும்பாலும் கறுப்பினத்தவராகவே இருந்தார். பிரவுன் கவுண்டியில் 1819 முதல் விடுதலை பெற்றவர்களின் கிஸ்ட் குடியிருப்புகள் இருந்தன. அதே கவுண்டியின் ரிப்ளி ஊரில் குன்றின் மேல், ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த பாதிரியார் ஜான் ராங்கினின் வீடு இருக்கிறது. கீழே ஆற்றங்கரையில் ஜான் பார்க்கரின் வீடு. பார்க்கர் 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டவர். பிறகு இரும்பு வார்ப்புப் பட்டறை நடத்தியபடியே இரவில் படகெடுத்து மறுகரைக்குப் போய் ஆட்களை அழைத்துவந்தார். ராங்கினின் வீடு 1938இலேயே மாநில அரசின் கைக்கு வந்துவிட்டது. பார்க்கரின் வீட்டுக்காக ஒரு சங்கம் எழுந்தது 1990களில்தான். அவர் சொல்லச் சொல்ல ஒரு செய்தியாளர் எழுதிவைத்த கைப்பிரதியும் 1996 வரை அச்சேறவில்லை. யாருடைய வீடு முதலில் காக்கப்பட்டது என்பதைப் பார்த்தாலே தேடலை எங்கே ஆழப்படுத்தவேண்டும் என்று விளங்கும்.

காகிதம் தேடும்போதே கட்டடத்தையும் படிக்கலாம். ஒரு டார்ச் விளக்கும் அளவுகோலும் கேமராவும் போதும். உத்தரங்களின் மேல் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அறுப்புத் தடம் தெரியும். நேராக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகள் என்றால் மேலும் கீழும் இயங்கிய ரம்பம். வில்போல வளைந்த கோடுகள் என்றால் வட்ட ரம்பம், 1840களுக்குப் பின் பரவலானது. ஆணிகள் இன்னும் தெளிவாகச் சொல்லும். கொல்லன் அடித்த ஆணி ஏறத்தாழ 1800க்கு முன்னது. தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணி 1790கள் முதல் 1890 வரை. இன்று கடையில் கிடைக்கும் உருண்டைக் கம்பி ஆணி பரவலானது 1890ஐ ஒட்டி. இப்போது அந்த நிலவறை அறைக்குப் போங்கள். அதன் தடுப்புப் பலகையைக் கம்பி ஆணியால் அடித்து, ஆணி வேறு எந்தத் துளையிலும் புகாமல் முதல்முறை அடித்ததாகவே இருந்தால், அந்தத் தடுப்பு, அடிமைமுறைக்கு முடிவு கட்டிய உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு வந்தது. அது மறைவிடம் இல்லை. சதுர ஆணி என்பதாலேயே மறைவிடம் என்றும் ஆகாது. கிழங்கு போடும் அறை, பால் குளிர வைக்கும் அறை, நிலக்கரி இறக்கும் வழி, மழைநீர்த் தொட்டி ஆகியவைதான் 'ரகசிய அறை'யாகவும் 'சுரங்கப் பாதை'யாகவும் சொல்லப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை.

மறைவிடமே இல்லாமலும் வீடு அடைக்கலமாக இருந்திருக்கலாம். வந்தவர்கள் சாதாரண அறையில், பரணில், வைக்கோல் கொட்டகையில் தங்கினார்கள். இந்தியானாவின் ஃபவுன்டன் சிட்டியில், இப்படி அடைக்கலம் தந்த லெவி, கேத்தரின் காஃபின் தம்பதியர் 1839இல் கட்டிய வீட்டில் இரண்டு தனித்தன்மைகள் உண்டு. மாடிப் படுக்கையறையில் கட்டிலை இழுத்துப் போட்டால் மறைந்துபோகும் சிறு கதவு ஒன்று, நிலவறைக்குள்ளேயே கிணறு இன்னொன்று. வெளியே அதிகம் தண்ணீர் இறைத்தால் உள்ளே எத்தனை பேர் என்று அக்கம்பக்கம் கணக்குப் போட்டுவிடும் என்பதை நினைத்தால் அந்தக் கிணற்றின் பயன் விளங்கும். இப்படி அன்றாடப் பொருள்களில் கண் வையுங்கள். சன்னலில் மெத்தைப் போர்வை தொங்கவிட்டு அதன் வடிவத்தால் சங்கேதம் சொன்னார்கள் என்ற கதையை மட்டும் பலகையில் எழுதிவிடாதீர்கள். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை.

கட்டிய ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல மரவளையக் கணக்கு உண்டு. உத்தரங்களிலிருந்து விரல் பருமனுக்கும் குறைவான மையத்துண்டுகளைத் துளையிட்டு எடுப்பார்கள். ஒரு கட்டடத்துக்கு எட்டுப் பத்து துண்டுகளாவது வேண்டும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருக்கும் உத்தரமாகப் பார்த்து எடுத்தால் மரம் வெட்டிய ஆண்டே கிடைக்கும். சதுரமாகச் செதுக்கியதில் வெளி வளையங்கள் போய்விட்டால் 'இந்த ஆண்டுக்குப் பின்' என்று மட்டுமே சொல்லமுடியும். எனவே மூலைகளில் பட்டைத் தடம் மிஞ்சிய உத்தரங்களைத் தச்சர் 'சரிசெய்ய' விடாதீர்கள்.

சட்டக் காப்பு பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 1966 சட்டத்தின் கீழ் வரும் தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் ஏறிவிட்டால் வீட்டை இடிக்கமுடியாது என்று நினைக்கிறார்கள். தனியார் தம் பணத்தில் இடித்தால் அந்தப் பதிவு தடுக்காது. கூட்டாட்சிப் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்டால்தான் பரிசீலனை கட்டாயம். இடிப்பதைத் தடுக்கும் பல் உள்ளூர் நகரச் சட்டத்துக்குத்தான் உண்டு. அதைவிட உறுதியானது பாதுகாப்புக் கட்டுப்பாட்டுப் பத்திரம். வாங்கும்போதே, வெளிப்பகுதியையும் முக்கியமான உள்பகுதிகளையும் மாற்றக்கூடாது என்ற உரிமையை ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால், பின்னால் எத்தனை கைமாறினாலும் அது நிலத்தோடு போகும். 1998இல் தொடங்கிய தேசியப் பூங்காத் துறையின் 'நெட்வொர்க் டு ஃப்ரீடம்' பட்டியலுக்கும் விண்ணப்பியுங்கள்; அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோட்டோடு தொடர்புள்ள இடங்களின் பட்டியல் அது. ஆவணத்தோடு தொடர்பை நிறுவவேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த விண்ணப்பத்தை எழுதி முடிப்பதே, உங்களிடம் இருப்பது சான்றா வதந்தியா என்று பிரித்துக் காட்டிவிடும்.

இதற்கெல்லாம் ஓரிரு ஆண்டு ஆகும். அதுவரை வீடு நிற்கவேண்டும், அதற்கு எதிரி தண்ணீர். கூரையில் ஓட்டை இருந்தால் தார்ப்பாய் போட்டுச் சட்டம் அடித்து இறுக்குங்கள். கூரை விளிம்புத் தாரையையும் இறங்கு குழாயையும் சீர்செய்து, தண்ணீர் சுவரிலிருந்து ஆறு அடிக்கு அப்பால் விழும்படி நீட்டுங்கள். சுவரை ஒட்டிய மண் வெளிநோக்கிப் பத்தடிக்கு ஆறு அங்குலமாவது சரியவேண்டும். அதற்காக மண்ணை வெட்டாதீர்கள், வெளியிலிருந்து கொண்டுவந்து மேலே கொட்டுங்கள். வெட்டினால் சுவரோரத்துச் சான்று போய்விடும். தண்ணீர்க் குழாய்களை முழுக்க வடித்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் பனியிலேயே வெடிக்கும். சன்னல்களைப் பிளைவுட்டால் மூடும்போது காற்றுவழி விடாமல் அடைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அடைபட்ட ஈரம் ஒரே கோடையில் பூசணமாகப் பூத்து, பூச்சையும் தரைப்பலகையையும் தின்றுவிடும். ஒவ்வொரு தளத்திலும் எதிரெதிர்ச் சன்னல்களில் பூச்சி வலையோடு காற்றுத் தட்டி வையுங்கள். செங்கல் சுவருக்குள் பொதிந்த உத்தர நுனிகளை ஊசியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது. அதற்குக் கீழே முட்டுக்கால் கொடுங்கள்.

இனி சாந்து. கேள்வியில் மிகவும் ஆபத்தான பகுதி இதுதான், அதனால் விரித்துச் சொல்கிறேன்.

1830களின் செங்கல் கையால் அறுத்து, விறகுச் சூளையில் சுட்டது. மேல்தோல் மட்டும் கெட்டி, உள்ளே மென்மை. அதோடு வைத்த சாந்து சுண்ணாம்பும் மணலும். அமெரிக்காவில் போர்ட்லாண்ட் சிமென்ட் உற்பத்தியே 1870களில்தான் தொடங்குகிறது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடக்கூடியது. சுவருக்குள் புகும் ஈரம் சாந்து வழியாகவே வெளியேறும், உப்பும் அதில்தான் பூக்கும். காலப்போக்கில் சாந்து உதிரும், செங்கல் தப்பிக்கும். அதாவது, சாந்து உதிர்வதே அதன் வேலை. நூறாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தால் போதும். சிமென்ட் வைத்து அடைத்தால் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. இடுக்கு வழி அடைபட, ஈரம் செங்கல்லின் முகத்தின் வழியே வெளியேறும். ஓஹாயோக் குளிரில் அந்த ஈரம் உறைந்து விரிந்து, முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். பத்துப் பதினைந்து குளிர்காலத்தில் சிமென்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்தி நிற்க, செங்கல் உள்ளே குழிந்துபோன சுவர்களை அந்தப் பக்கத்து ஊர்களிலேயே பார்க்கலாம். பிறகு சிமென்ட்டை எடுக்கப் போனால் செங்கல் ஓரமும் சேர்ந்து வரும். திரும்பப் பெறமுடியாத சேதம் அது.

முறை இப்படி. மழை படாத இடத்தில், பழைய பழுதுபார்ப்பு தொடாத சந்திலிருந்து ஐந்தாறு கட்டி சாந்தை எடுத்து, இடத்தைக் குறித்துப் பையில் போடுங்கள். பாதியைச் சான்றாக வைத்துக்கொண்டு மீதியைப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் தங்கும். அதன் நிறமும் பருமனும் பார்த்து அதற்கு இணையான மணலைத் தேடுங்கள். சாந்தின் நிறம் மணலால் வருவது, சாயத்தால் அல்ல. ஆற்று மணலில் சுண்ணாம்புக்கல் துணுக்கோ கிளிஞ்சலோ இருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் குழப்பும். ஆகவே அமிலத்தில் இடுமுன் பூதக்கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள்.

கலவைக்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, கூரான மணல் இரண்டரை முதல் 3 பங்கு, கொள்ளளவில். நம் ஊர்க் காரைவீடு தெரிந்த கொத்தனாருக்கு இது புதிதல்ல. தண்ணீர் சேர்க்காமலே அடித்து அடித்துக் குழைக்கவேண்டும், தளதளவென்று ஆக்கினால் காயும்போது வெடிக்கும். ஈரம் அதிகம் படும் அடிச்சுவருக்கு நீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பில் மென்மையான வகையைக் கேளுங்கள். 'கொஞ்சம் சிமென்ட் போட்டால் சீக்கிரம் இறுகும்' என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் ஒப்பாதீர்கள். கொஞ்சம் சிமென்ட் கலந்தது பலவீனமான சுண்ணாம்பாகவும் மோசமான சிமென்ட்டாகவும் முடியும்.

பழைய சாந்தை இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் எடுக்கவேண்டும். மெல்லிய உளியும் சிறு சுத்தியலும் போதும். கிரைண்டர் வேண்டாம். செங்குத்துச் சந்தில் அது ஒரு நொடி வழுக்கினால் மேலும் கீழும் உள்ள செங்கல்லில் நிரந்தர வெட்டு விழும். உதிராத சாந்தைத் தொடாதீர்கள், சுவர் முழுக்கச் செய்வது தேவையற்ற செலவு. தூசியை ஊதித் தள்ளி, முதல்நாள் மாலையும் வேலைக்குச் சற்று முன்பும் சுவரை நனைக்கவேண்டும். உலர்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்கிவிடும். கால் அங்குலத் தடிமனாக ஒரு படலம் திணித்து, கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வந்ததும் அடுத்தது. முடித்ததும் ஈரச் சாக்குப் படுதா தொங்கவிட்டு, குறைந்தது மூன்று நாள், வெயில் கடுமை என்றால் ஒரு வாரம், ஈரம் காயாமல் பாருங்கள். வெப்பம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழும் 90க்கு மேலும் இருந்தால் வேலை வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத்தான் கல்லாகும். எனவே அந்தப் பகுதியில் செப்டம்பர் நடுவோடு நிறுத்துங்கள். அக்டோபரில் பூசியது பச்சையாகவே உறைந்து வசந்தத்தில் மாவாகக் கொட்டும். பின்சுவரில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரி ஒன்று செய்து, ஒரு குளிர்காலம் கடந்து பார்த்தபின் முழுவேலை கொடுப்பதே சரி. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் சுண்ணாம்பைத் தொடக்கூடாது, கண்ணில் பட்டால் வெந்துவிடும்.

மணல் வீசிச் சுவரைச் சுத்தம் செய்வது, நீர்புகாப் பூச்சு அடிப்பது இரண்டும் வேண்டாம். முதலாவது கெட்டித்தோலை உரிக்கும், இரண்டாவது ஈரத்தை உள்ளே பூட்டும். நிலவறை மண் தரையில் கான்கிரீட் போட்டாலும் அதே கதைதான். தரைவழி வெளியேறிய ஈரம் சுவருக்குள் ஏறி, முதல் மாடி வரை ஓதம் காட்டும். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

உள்ளே கை வைக்குமுன் ஒவ்வொரு அறைக்கும் எண் கொடுத்து, நான்கு சுவர், தரை, கூரை என்று அளவுகோல் தெரியும்படி படமெடுங்கள். 1978க்கு முந்தைய எந்த வீட்டிலும் வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி தேய்க்கவும் தீயால் கருக்கவும் கூடாது. ஈய வேலைக்குச் சான்று பெற்றவரையே அமர்த்துங்கள். மறைவான மூலை ஒன்றில் எல்லாப் படலங்களையும் கைக்குட்டை அளவுக்காவது அப்படியே விட்டுவையுங்கள். நுண்ணோக்கியில் வண்ண அடுக்குகளை எண்ணி, எந்தச் சுவர் முன்னது, எந்தத் தடுப்பு பின்னது என்று சொல்ல அது வேண்டும். பரண் பலகைக்கும் கீழ்க்கூரைக்கும் நடுவில் கிடக்கும் தூசியைக் குப்பை என்று அள்ளாதீர்கள். கட்டம் கட்டமாக எடுத்துக் கால் அங்குலச் சல்லடையில் சலியுங்கள். எலிக்கூட்டில் துணிக் கிழிசலும் காகிதமும் கிடைப்பது உண்டு. மேரிலாந்தின் அனாபொலிஸில் சார்ல்ஸ் கரோல் வீட்டில் 1991இல் தரைக்கடியில் ஒரு மூலையில் படிகக் கற்களும் பிற பொருள்களும் சேர்த்துப் புதைத்திருந்தது கிடைத்தது. அங்கே அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க வழியினரின் வழிபாட்டோடு ஆய்வாளர்கள் அதைத் தொடர்புபடுத்தினார்கள். கவனமில்லாத கை அதைக் கூழாங்கல் என்று தள்ளியிருக்கும். கொல்லைக்கும் இதே விதி. புதிய சாக்கடைக் குழாய்க்கோ வாகன நிறுத்தத்துக்கோ பள்ளம் எடுக்குமுன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ஒருவரைக் கொண்டு சோதனைக் குழி போடுங்கள். பழைய கழிப்பறைக் குழியும் சமையற்கட்டு வாசலும்தான் அதிகம் பேசும் இடங்கள்.

'எந்த ஆண்டுக்குத் திருப்புவது' என்று குழுவில் கட்டாயம் சண்டை வரும். 1850க்கே திருப்பவேண்டும் என்று ஒருவர் சொல்வார். அப்படியானால் பின்னால் சேர்ந்த எல்லாவற்றையும் பெயர்க்கவேண்டும். தெரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பவேண்டியும் வரும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் உள்ள எய்க்கன்-ரெட் மாளிகையை 1995இல் வாங்கிய அறக்கட்டளை, கிடைத்த நிலையிலேயே நிலைநிறுத்துவது என்று முடிவு செய்தது. உரிந்த சுவர்த்தாள் உரிந்தபடி இருக்கிறது, பின்கட்டில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் வாழ்ந்த அறைகளின் பழைய வண்ணமும் தப்பியது. வாஷிங்டனில் லிங்கன் 1862 முதல் 1864 வரை கோடையும் இலையுதிர்காலமும் தங்கி, விடுதலைப் பிரகடனத்தைப் பற்றிச் சிந்தித்து எழுதிய குடில், 2008இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அறைகளை அந்தக் காலத்து மேசை நாற்காலிகளால் நிரப்பாமல் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டார்கள். உங்கள் வீட்டுக்கும் அதுதான் பொருந்தும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. கூட்டாட்சியின் 20 விழுக்காட்டு வரிச்சலுகை வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டும்தான். வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவதாக இருந்தால் முன்பே கணக்காளரைக் கேளுங்கள், வேலை முடிந்தபின் கேட்டுப் பயனில்லை. வரலாற்று இடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை 2017இல் தொடங்கிய ஆப்பிரிக்க அமெரிக்கப் பண்பாட்டு மரபு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். உடைமைப் பத்திரத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் 1895இல் இறந்தபோது வாஷிங்டனில் இருந்த சீடர் ஹில் வீட்டைத் தம் மனைவி ஹெலனுக்கு எழுதியிருந்தார். உயிலில் சாட்சிக் கையெழுத்து போதாததால் வீட்டைப் பொறுத்தவரை அது செல்லவில்லை. ஹெலன் கடன் வாங்கி, மற்ற வாரிசுகளிடமிருந்து அந்த வீட்டை மீட்டு, 1900இல் நினைவுச் சங்கம் அமைத்துவிட்டு 1903இல் காலமானார். கடன் அப்படியே நின்றது. 1916இல் கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கம் தலையிட்டு, ஊர் ஊராகத் திரட்டிய காசில் அந்த அடமானத்தை மீட்டது. அரசு ஏற்றது 1962இல்தான். உங்கள் குழுவில் அந்தப் பகுதிக் கறுப்பினத் திருச்சபையினரும் அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்களும் வாக்குரிமையோடு இருக்கவேண்டும். திறப்புவிழாவுக்கு மட்டும் அழைத்தால் போதாது. வாய்மொழியாக அவர்களிடம் இருக்கும் பெயர்கள் எந்தப் பதிவகத்திலும் கிடைக்காது.

கடைசியில் பலகை. 'தப்பியோடிய அடிமை' என்பது விளம்பரம் கொடுத்த உடைமையாளரின் மொழி. 'விடுதலை தேடி வந்தவர்' என்று எழுதுங்கள், இந்தப் பதிலில் மேலே கேள்வியைத் தவிர வேறெங்கும் முதல் சொல்லைப் பயன்படுத்தாததும் அதனால்தான். ஆவணம் சொல்வது, கட்டடம் காட்டுவது, ஊர் சொல்லிவருவது மூன்றையும் மூன்று தனிப் பத்திகளாகப் பிரித்து, எது எது என்று தெரியும்படி போடுங்கள். வெண்கலத்தில் வார்க்காமல், கழற்றி மாற்றக்கூடிய தகட்டில் அச்சிடுங்கள். வந்தவர்களின் பெயர்களுக்குக் கீழே இடம் விட்டுவையுங்கள். கவுண்டிக் கட்டுகளில் இன்னும் திறக்காதவை நிறைய இருக்கின்றன.